சைனஸில் அபூர்வக் கிருமி: யாருக்காவது வந்திருக்கிறதா?

பவானிக்கரை:
அம்மாவுக்கு மேல் கடைவாய்ப்பல் பிடுங்கி அப்போது நாலு மாதம். இடது மூக்கில் மட்டும் சீழ். நாற்றம் தாங்காமல் அவரே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். மாத்திரை மூன்று சுற்று. நிற்கும், திரும்ப வரும். சிடி ஸ்கேனில் கன்னத்து சைனஸ் முழுக்க அடைப்பு. பூஞ்சையாக இருக்கும், எண்டோஸ்கோப்பி வைத்து எடுத்துவிடலாம் என்றார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து லேபுக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆட்டோவில் மடியில் வைத்திருந்தேன். குலுங்கும்போதெல்லாம் ரவை மாதிரி மஞ்சள் மணிகள் எழும்பி எழும்பி அடியில் அமர்ந்தன. ரிசல்ட்டில் ஆக்டினோமைகோசிஸ். பூஞ்சை இல்லையாம், பாக்டீரியா. ஆறு மாதம் பென்சிலின் வகை மருந்து, சரியாகிவிட்டது. முதல் தடவையே சிடி எடுத்திருந்தால் என்ன என்ற கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

வைகைக்காரன்:
பவானிக்கரை, சளி என்று வருகிற எல்லோருக்கும் சிடி எடுக்க முடியுமா? உங்களுக்குச் சில மாதம். என் அத்தைக்கு மூன்று வருடம். மூக்கு கெட்டிப்பட்டுக்கொண்டே வந்து மூக்குத்தித் திருகு சதைக்குள் புதைந்துவிட்டது. ஆசாரியிடம் உட்காரவைத்து வெட்டி எடுத்தோம். புற்றுநோய் என்றே முடிவுகட்டியிருந்தோம். பயாப்சியில் ரைனோஸ்கிளிரோமா, மூக்கைக் கெட்டியாக்கும் ஒரு பாக்டீரியா தொற்று. ஹெப்ரா என்ற தோல் டாக்டர் 1870-ல் இதற்குப் பெயர் வைத்தபோது அவரே கட்டி என்றுதான் நினைத்தார். 1882-ல்தான் ஃபிரிஷ் என்ற இன்னொரு டாக்டர் கிருமியைக் காட்டினார். இதில் ஒரு டாக்டர் தடுமாறினால் குற்றமா?

லேப்_அக்கா:
சண்டை வேண்டாம். நான் மைக்ரோபயாலஜி லேபில் இருக்கிறேன். ஒருமுறை கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க என்று சைனஸ் சதை வந்தது. மூடியைத் திறந்ததும் சதையைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் நெடி. அதில் கிருமி எங்கே உயிரோடு இருக்கும்? கொண்டுவந்த தம்பி வெளியே காத்திருந்தார்.

அதனால் கேட்டு வாங்குங்கள், இரண்டு டப்பா. பயாப்சிக்கு ஃபார்மலினில் ஒன்று. கல்ச்சருக்கு ஃபார்மலின் படாமல் இன்னொன்று. பவானிக்கரை அம்மாவுக்கு வந்த ஆக்டினோமைசிஸ் கிருமிக்குக் காற்று ஆகாது, வழியில் தாமதிக்காதீர்கள். சாதாரண கல்ச்சரை இரண்டு மூன்று நாளில் 'வளர்ச்சி இல்லை' என்று முடித்துவிடுவார்கள். இது மெதுவாக வளரும். இரண்டு மூன்று வாரம் வைக்கும்படி டாக்டரையே ஃபாரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் எழுத வேண்டும். அப்புறம், ஒரு பக்கம் மட்டும் சீழ் என்றால் பல்லிலிருந்தும் வந்திருக்கலாம், பல் டாக்டரையும் பாருங்கள். நாற்றம் போனதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பவானிக்கரை:
அக்கா, இரண்டு டப்பாவா? என் கையில் ஒன்றுதான் கொடுத்தார்கள்.