காலையில் போகும் டோக்கன், எட்டு மணிக்கு மேல் 401

தோட்டத்துப்பிள்ளை:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்க்கிறேன். எடைமேடையில் ஏறும் ஒவ்வொரு லோரியின் எடையையும் ஒரு கணக்குச் சேவையின் ஏபிஐக்கு (நிரல்கள் தகவல் கொடுத்து வாங்கும் வாசல்) அனுப்ப, பைத்தானில் நானே நிரல் எழுதினேன். காலை ஏழுக்குக் கணினியைத் திறந்ததும் நிரல் புது டோக்கன் (சர்வர் உள்ளே விடுவதற்கான அனுமதிக் குறியீடு) வாங்குகிறது, முதல் நாலைந்து லோரி ஒழுங்காகப் போகிறது. எட்டு அடித்ததும் 401, அதாவது ‘அனுமதி இல்லை’ என்ற பதில். மதியம் முழுக்க அதேதான். நாலு மணிக்கு யாரும் தொடாமலே சரியாகி, ஐந்துக்கு மறுபடி நின்றுவிடுகிறது.

கோரிக்கையின் தலைப்பான ஹெடரில் ‘பேரர்’, ஓர் இடைவெளி, பிறகு டோக்கன், எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டேன். டோக்கனின் ஆயுள் 3600 விநாடி. முடிந்தால் புதுப்பிக்க நிபந்தனையும் இருக்கிறது. வாடகை சர்வரில் இதே நிரல் நாள் முழுக்க ஓடுகிறது!

குலை வெட்டுகிறவர்களுக்கு இங்கே டன் கணக்கில்தான் கூலி. ஒரு லோரி விட்டுப்போனால் சம்பளத்தன்று யாரோ ஒருவர் கையில் சில வெள்ளி குறையும். என் அப்பாவும் குலை வெட்டியவர். நிரலையும் டோக்கன் கோப்பையும் கீழே ஒட்டியிருக்கிறேன்.

ஈப்போ அக்கா:
தம்பி, முதலில் அந்தக் கோப்பை இங்கிருந்து எடுங்கள். அணுகல் டோக்கன் ஒரு மணி நேரத்தில் செத்துவிடும், சரி. ஆனால் கூடவே, புது டோக்கன் வாங்கித் தரும் ரிஃப்ரெஷ் டோக்கனும் கிடக்கிறதே! சேவையின் பக்கத்துக்குப் போய் அதை உடனே ரத்து செய்யுங்கள். பேரர் டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவரைத்தான் சர்வர் உள்ளே விடும். அணுகல் டோக்கனின் நடுப்பகுதியைப் பிரித்துப் பார்த்தேன், உங்கள் தோட்டத்தின் பெயர் அப்படியே தெரிகிறது. அது பூட்டிய பெட்டி இல்லை, வெறும் பேஸ்64, யாரும் திருப்பிப் படிக்கக்கூடிய எழுத்து மாற்றம்.

பட்டர்வொர்த் அண்ணன்:
எட்டிலிருந்து நாலு வரை எட்டு மணி நேரம். மலேசிய நேரம் உலகப் பொது நேரத்துக்கு எத்தனை மணி முன்னே? அதே எட்டு. நிரலில் உலகப் பொது நேரத்தைத் தரும் ‘யூடிசிநவ்’ எடுத்து, அதை விநாடி எண்ணாக மாற்ற அதன்மேல் ‘டைம்ஸ்டாம்ப்’ போட்டிருக்கிறீர்கள். யூடிசிநவ் தரும் நேரத்தில் எந்த மண்டலம் என்ற குறிப்பு இருக்காது, அதனால் டைம்ஸ்டாம்ப் அதை உள்ளூர் நேரமென்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் கணினியின் ‘இப்போது’ எட்டு மணி நேரம் பின்னால் நிற்கிறது. டோக்கனில் இருக்கும் ‘எக்ஸ்ப்’ என்ற காலாவதி நேரம் 1970 ஜனவரி 1 முதல் உலகப் பொது நேரத்தில் எண்ணிய விநாடி. இரண்டையும் ஒப்பிட்டால் டோக்கன் நாலு மணி வரை உயிரோடு இருப்பதாகத்தான் தெரியும். வாடகை சர்வர் உலகப் பொது நேரத்திலேயே ஓடியிருக்கும், அங்கே வித்தியாசம் பூஜ்யம். பைத்தான் 3.12இல் யூடிசிநவ்வைக் கைவிடச் சொல்லி எச்சரிக்கையே வருகிறது. அதற்குப் பதில் ‘டைம்’ தொகுதியின் ‘டைம்’ போதும். முடிய 60 விநாடி இருக்கும்போதே புதுப்பியுங்கள். அப்படியும் 401 வந்தால் ஒரே ஒரு முறை புதுப்பித்து மறுபடி அனுப்புங்கள், அதற்கு மேல் சுற்ற விடாதீர்கள்.

ஈப்போ அக்கா:
எடையை முதலில் கணினியின் வட்டில் எழுதிவிட்டு அப்புறம் அனுப்புங்கள் தம்பி. லைன் போனாலும் சீட்டு நிற்கும்.

தோட்டத்துப்பிள்ளை:
ரத்து செய்துவிட்டேன் அக்கா. தோட்டத்தின் பெயர் வெளியே தெரிந்ததை நினைத்தால் இன்னும் பதறுகிறது. அண்ணே, அந்த ஒரு வரிதான். இன்று எட்டரைக்கு வந்த லோரி 201, அதாவது ‘பதிவானது’ என்ற பதில், வாங்கிக்கொண்டு போனது, பதினொன்றுக்கு வந்ததும் போனது. விட்டுப்போனவற்றை எடைச்சீட்டு எண் பார்த்து ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒன்பது சீட்டு பாக்கி, சம்பளம் வெள்ளிக்கிழமை.