கார் ஏசியில், உள்ளே வளைந்து திரும்பும் அம்புக்குறி பட்டனை எப்போதும் போட்டே வைக்கலாமா?

மலையேறி:
சனிக்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறினோம். நல்ல மழை, காருக்குள் ஐந்து பேர். பர்லியார் தாண்டியதும் முன்கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. மேல்நோக்கி நெளியும் மூன்று அம்புக்குறி போட்ட பட்டனை அமுக்கினேன். விளக்கு எரிந்தது, கண்ணாடி தெளியவில்லை. முன்சீட்டில் இருந்த மாமா துண்டால் துடைத்துத் துடைத்தே ஊர் வந்து சேர்ந்தோம். பட்டன் ரிப்பேரா?

பழைய டீசல்:
பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. நீங்கள் அமுக்கியது பின்கண்ணாடிக்கானது. அம்புக்குறிகளுக்குப் பின்னால் இருக்கும் வடிவத்தைப் பாருங்கள். நீள்சதுரம் என்றால் பின்கண்ணாடி, அதில் ஓடும் மெல்லிய கம்பிகள் சூடாகும். மேல்பக்கம் வளைந்து விசிறி மாதிரி இருந்தால்தான் முன்கண்ணாடி. அது இருக்கட்டும், கார் படத்துக்குள் அம்புக்குறி வளைந்து திரும்பும் பட்டன் எரிந்துகொண்டிருந்ததா?

மலையேறி:
ஆமாம் சார். டெலிவரி எடுத்த நாளிலிருந்தே எரிகிறது. அப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள்.

பழைய டீசல்:
அதுதான் வில்லன். அதைப் போட்டால் வெளிக்காற்று வரும் வழி மூடிவிடும், உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். ஐந்து பேர் மூச்சின் ஈரம் வேறு எங்கே போகும்? மழையில் குளிர்ந்த கண்ணாடியில்தான் படியும்.

ஓஎம்ஆர்வாசி:
வில்லன் என்பதெல்லாம் அதிகம். பெருங்குடி குப்பைமேட்டுப் பக்கம் ஒருநாள் அதை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். மே மாதத்தில் வெளியே இருக்கும் 40 டிகிரி காற்றை இழுத்துக் குளிரவைப்பது சுலபமா, ஏற்கெனவே 25க்கு வந்த காற்றைக் குளிரவைப்பது சுலபமா? ஆறு வருடமாக நான் அணைத்ததே இல்லை. இன்னொன்று: ஏசி ஓடினால் அதுவே ஈரத்தை எடுத்துவிடும். காருக்கு அடியில் சொட்டுவது அந்தத் தண்ணீர்தான். மலையேறி ஏசியை அணைத்திருப்பார், கேளுங்கள்.

மலையேறி:
உண்மைதான் அண்ணா. ஏற்றத்தில் வண்டி இழுக்காது என்று அணைத்துவிட்டேன்.

பழைய டீசல்:
சரி, அதில் பாதி உங்கள் பக்கம். மழையில் குளிராக இருந்தாலும் ஏசி ஓட வேண்டும், சூட்டைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். குப்பை நாற்றம், லாரிப் புகை, வெயிலில் நின்ற கார் என்றால் வளைந்த அம்புக்குறியும் நியாயம்தான். வெயிலில் நின்ற காரில் முதலில் ஜன்னலைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டுப் போடுங்கள். ஆனால் சென்னையிலிருந்து திருச்சி வரை அப்படியே போவதைத்தான் நான் ஒப்பமாட்டேன். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. நாலு பேர் மூடிய காரில் அது ஆயிரங்களில் ஏறும். விழுப்புரம் தாண்டியதும் வரும் கொட்டாவிக்குச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

நைட்டிரிப்:
காரில் ஏசி போட்டுத் தூங்கி இறந்தார்கள் என்று செய்தி வருகிறதே, அது இதனால்தானா?

பழைய டீசல்:
அது பெரும்பாலும் வேறு வாயு, கார்பன் மோனாக்சைடு. எஞ்சின் புகை கசிந்து உள்ளே வருவது. அதற்கு எந்தப் பட்டனும் காவல் இல்லை, நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது.

நைட்டிரிப்:
எனக்கு இன்னொரு தொல்லை. சென்னையில் மழை விட்ட ராத்திரியில் முன்கண்ணாடிப் பட்டனைப் போட்டால் மூட்டம் கூடுகிறது!

ஓஎம்ஆர்வாசி:
விரலால் தேய்த்துப் பாருங்கள். உள்ளே தேய்த்தும் போகவில்லை என்றால் அது வெளிப்பக்க ஈரம். சில்லென்ற காற்றைக் கண்ணாடியில் அடிக்க அடிக்கக் கூடத்தான் செய்யும். காற்றை முகத்துக்குத் திருப்பி, வைப்பரை ஒருமுறை ஓட்டுங்கள்.

மலையேறி:
இன்று வீட்டு வாசலிலேயே சோதித்தேன். விசிறி வடிவப் பட்டனை அமுக்கியதும் ஏசி தானாக ஓடுகிறது, வளைந்த அம்புக்குறி தானாக அணைந்துவிடுகிறது!

பழைய டீசல்:
நிறையக் கார்களில் அப்படித்தான். ஓஎம்ஆர்வாசி, கவனித்தீர்களா?

ஓஎம்ஆர்வாசி:
என் காரிலும் அப்படித்தான். அதனால்தான் அந்தப் பட்டனை நான் தொடுவதே இல்லை.