மறு: 'பேஸ்ட்' நகைக்குத் தமிழ்ச் சொல் – 'பசைக்கல்' வேண்டாமே

> 'பசைக்கல்' என்றே வைத்துக்கொள்ளலாம். மூலச் சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது.

நெருக்கமாகத்தான் இருக்கிறது, அதுதான் சிக்கலே. வைரத்துக்குப் பதிலாக வெட்டிப் பதிக்கிற கண்ணாடிக்குத்தான் ஆங்கிலத்தில் 'பேஸ்ட்' என்று பெயர், பசைக்கும் அதே சொல். பசைக்கல் என்றால் பசை போட்டு ஒட்டிய கல் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படிப்பட்ட நகை நிஜமாகவே உண்டு. போன நூற்றாண்டில் குவியல் குவியலாக வந்த மலிவு ப்ரூச்சுகளில் (உடையில் குத்திக்கொள்ளும் நகை) பெரும்பாலும் கல்லை ஒட்டித்தான் வைத்திருப்பார்கள். நாம் பெயர் தேடுகிற 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து, பிரான்ஸ் நகைகளிலோ கல்லைச் சுற்றி வெள்ளி விளிம்பை அமுக்கிப் பதித்திருக்கும். பழையதா புதியதா என்று பார்க்கும்போது சேகரிப்பவர்கள் இதையும் கவனிப்பார்கள். ஒட்டாத கல்லுக்கு 'பசைக்கல்' என்று பெயர் வைத்தால், ஒட்டிய கல்லை என்ன சொல்லிக் கூப்பிடுவது?

என்னிடம் ஒன்று இருக்கிறது. லண்டன் போர்ட்டபெல்லோ சாலையில் ஒரு சனிக்கிழமை வாங்கிய சின்ன ப்ரூச். பதினோரு கல், ஒன்றுகூடச் சரியான வட்டம் இல்லை. பக்கத்துக் கல்லோடு இடைவெளி இல்லாமல் பொருந்துகிற மாதிரி ஒவ்வொன்றையும் வெட்டியிருக்கிறார்கள். வைரத்தை அப்படி யாரும் வெட்டி வீணாக்க மாட்டார்கள், கண்ணாடி என்பதால் துணிந்திருக்கிறார்கள். லென்ஸ் வைத்தால் உள்ளே குட்டிக் குமிழி தெரியும், பட்டைகளின் முனை தேய்ந்து மழுங்கியிருக்கும். கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் வைரம் 10, கண்ணாடி 5-க்கும் 6-க்கும் இடையில்தானே. பின்பக்கம் முழுக்க மூடியிருக்கிறது. கல்லுக்கு அடியில் மெல்லிய உலோகத் தாள், பளபளப்பு அதிலிருந்துதான் வருகிறது. இதெல்லாம் தெரியாமல் வாங்கிய வாரமே சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டேன். ஈரம் உள்ளே இறங்கி ஒரு கல் செத்த மீனின் கண் மாதிரி ஆகிவிட்டது. இன்னும் அப்படியே இருக்கிறது.

> 'போலிக்கல்' போதுமே.

இலக்கணத்தில் 'போலி' கெட்ட வார்த்தை இல்லை. பந்தல், பந்தர் ஆனால் அது கடைப்போலி, கடைசி எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. ஆனால் போலி டாக்டர், போலிப் பத்திரம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்தச் சொல்லில் ஏமாற்று வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்த நகைகளைச் செய்தவர்கள் ஒளித்துச் செய்யவில்லை. 1674-இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் இங்கிலாந்தில் ஈயக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார். ஈயம் சேர்ந்தால் கண்ணாடி வெட்டுவதற்கு இளகிக் கொடுக்கும், ஒளியையும் நன்றாக வாரி இறைக்கும். பாரிஸில் இதை வைத்தே பேர் வாங்கிய ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஸ்ட்ராஸ் 1734-இல் அரசரின் நகைக் கலைஞராகவே ஆனார். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இன்றைக்கும் இந்தக் கல்லுக்குப் பெயர் 'ஸ்ட்ராஸ்'தான். கண்ணாடியை வைரம் என்று சொல்லி விற்பவனுக்காகப் 'போலிக்கல்'லை எடுத்து வைத்துக்கொள்வோம்.

'கெம்பு' என்ற யோசனையும் வந்தது. கோயில் நகை பார்த்த கண்ணுக்கு அது இயல்பாகத் தோன்றும்தான். ஆனால் கெம்பு என்றாலே சிவப்பு. வைரம் மாதிரி நிறமில்லாமல் மின்னுகிற கல்லைக் கெம்பு என்று எப்படிச் சொல்வது? 'அமெரிக்கன் டைமண்ட்' கண்ணாடியே இல்லை, ஜிர்கோனியா என்ற செயற்கைப் படிகம். அதை விட்டுவிடலாம்.

என் ஓட்டு 'கண்ணாடிக்கல்'லுக்கு. புதுச்சொல் இல்லை, பாட்டிமார் சொன்னதுதான். பழைய பேஸ்ட் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பதி கண்ணாடிக்கல்' எனலாம். ஒட்டியதிலிருந்து வேறுபாடு பெயரிலேயே தெரிந்துவிடும். 'பதி' கணவன் மாதிரி ஒலிக்கிறது என்று யாராவது சொல்வீர்கள், சரி, 'பதித்த' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடியில் இருக்கும் தாளுக்கு 'அடித்தகடு'. 'தாளிட்ட கல்' என்று ஒருவர் எழுதியிருந்தார், கல்லை உள்ளே வைத்துப் பூட்டிய மாதிரி இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. அந்தக் காலத்து வைரங்களில் அடிமுனையைத் தட்டையாக வெட்டுவார்கள், மேலிருந்து பார்த்தால் கரும்புள்ளியாகத் தெரியும். அதே தோற்றத்துக்காகக் கண்ணாடிக்கல்லின் அடியில் கறுப்புச் சாயத்தால் ஒரு புள்ளி வைத்தார்கள். இதற்கும் பெயர் வேண்டும். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் வைரத்தின் குற்றங்களில் ஒன்றாக 'விந்து' வருகிறது, புள்ளி என்ற பொருளில். ஆனால் அது குற்றம், இது வேண்டுமென்றே வைத்தது. தவிர, நகைக் கலைச்சொல் பட்டியலில் இன்றைக்கு 'விந்து' என்று போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 'அடிப்பொட்டு' போதும்.