பக்கவழிக் கடத்துகை: மருந்தெதிர்ப்புச் சொற்கள் இரண்டு

வணக்கம். ஆன்டிபயாடிக் மருந்துக்கு பாக்டீரியா அடங்காமல் போவதைத் தமிழில் எழுதத் தேவையான கலைச்சொற்களுக்கு இதுவரை வந்த பரிந்துரைகளில் இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றில் எனக்கு மறுப்பில்லை.

> ‘மருந்தெதிர்ப்பு’ என்பது ‘நோயெதிர்ப்பு’ என்பதோடு குழம்பும். ‘மருந்துப் பழக்கம்’ எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் யாருக்குப் பழகியது? “அந்த மாத்திரை உடம்புக்குப் பழகிடுச்சு, இப்ப கேக்கறதில்ல” என்று ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆன்டிபயாடிக் விஷயத்தில் நோயாளியின் உடம்புக்கு எதுவும் பழகுவதில்லை. மாறியிருப்பது உள்ளே இருக்கும் பாக்டீரியா. இந்தச் சொல் அந்தத் தவறான எண்ணத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்துவிடும்.

சரி, பாக்டீரியாவுக்குப் பழகியது என்று கொள்ளலாமா? அதுவும் பொருந்தாது. 1952இல் அமெரிக்க மரபியலாளர்கள் ஜோஷுவா லெடர்பெர்க்கும் எஸ்தர் லெடர்பெர்க்கும் செய்த சோதனையைப் பாருங்கள். பாக்டீரியா வளர்ந்திருக்கும் தட்டின் மேல் ஒரு வெல்வெட் துணியை ஒற்றி எடுத்து, அதை ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த புதுத் தட்டுகளில் ஒற்றினார்கள். துணியின் மயிரிழைகளில் ஒட்டி வந்தவை அதே இடம் மாறாமல் புதுத் தட்டுகளில் இறங்கின. எல்லாம் செத்துப்போக, ஒவ்வொரு நகலிலும் ஒரே இடத்தில் ஏதோ ஒன்று மட்டும் முளைத்தது. மருந்தே படாத மூலத்தட்டில் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் எடுத்து வளர்த்துப் பார்த்தால், மருந்தைத் தாங்கும் பாக்டீரியா அங்கே முன்பே இருந்தது. மருந்து எதையும் பழக்கவில்லை. ஏற்கெனவே தற்செயலாக மாறியிருந்ததை விட்டுவிட்டு மற்றதைக் கொன்றது. ‘பழக்கம்’ என்று பெயர் வைத்தால் படிக்கிறவர் இதை நேர்மாறாகப் புரிந்துகொள்வார்.

ஆகவே ‘மருந்தெதிர்ப்பு’ இருக்கட்டும். குழப்பத்துக்குப் பயந்தால், முதல் முறை வரும்போது ‘பாக்டீரியாவின் மருந்தெதிர்ப்பு’ என்று முழுதாக எழுதிவிட்டால் போதும்.

> ‘கிடைமட்ட மரபணுப் பரிமாற்றம்’ புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம். ஒரு பாக்டீரியாவின் மரபணு அதன் சேய்க்கு அல்லாமல் வேறொரு பாக்டீரியாவுக்குப் போவதற்கான சொல் இது. ‘கிடைமட்டம்’ என்பது வம்சாவளிப் படத்தைக் காகிதத்தில் மேலிருந்து கீழாக வரைந்து பார்த்தவருக்கு மட்டும் விளங்கும். ‘பரிமாற்றம்’ இன்னும் சிக்கல். பண்டம் பரிமாறினால் நான் ஒன்று கொடுத்து நீங்கள் ஒன்று தர வேண்டும். இரண்டு பாக்டீரியாக்கள் இணையும்போது நடப்பது ஒருவழிப் போக்குவரத்து. கொடுக்கும் பாக்டீரியாவின் பிளாஸ்மிட்டில் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) ஓர் இழை அறுபட்டு, பிரிந்து, அடுத்த பாக்டீரியாவுக்குள் நுழைகிறது. இரண்டும் தத்தம் ஒற்றை இழைக்கு ஜோடி இழையைக் கட்டிக்கொள்கின்றன. கொடுத்ததிடமும் முழுப் பிளாஸ்மிட் இருக்கிறது, வாங்கியதிடமும் இருக்கிறது. ‘மரபணுக் கைமாற்று’ என்ற இன்னொரு பரிந்துரை அழகாக இருந்தாலும் இதே காரணத்தால்தான் இடறுகிறது: கைமாற்றில் கொடுத்தவர் கை காலியாகிவிடும். (திருப்பித் தரவும் வேண்டும்!)

என் பரிந்துரை: பக்கவழிக் கடத்துகை. தாய் செல்லிலிருந்து சேய் செல்லுக்குப் போவது வழிவழிக் கடத்துகை. ‘வழிவழியாக’ என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதால் அதன் பக்கத்தில் ‘பக்கவழி’ தானாக விளங்கும்.

இந்த இரட்டைச் சொல் எவ்வளவு உதவும் என்பதற்கு கொலிஸ்டின் நல்ல உதாரணம். வேறு எதுவும் கேட்காதபோது கொடுக்கும் மருந்து அது. அதற்கு எதிரான திறன் குரோமோசோமில் நிகழும் மாற்றங்களால் வருவதாகவே நெடுநாள் அறிந்திருந்தோம், வழிவழி மட்டும். 2015இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு, அத்தகைய மரபணு ஒன்று பிளாஸ்மிட்டில் இருப்பதைக் காட்டியது. பக்கவழியும் திறந்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

ஜப்பானின் சீதபேதிக் கதையும் அப்படியே. 1950களில் அங்கே சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின் நான்குக்கும் ஒருசேர அடங்காத ஷிகெல்லா என்ற சீதபேதி பாக்டீரியா தலைகாட்டியது. ஒரு மருந்துக்கு எதிரான தற்செயல் மாற்றமே கோடியில் ஒன்று என்ற அளவில்தான் நடக்கும். நான்கும் ஒரே செல்லில் ஒரே நேரத்தில் கூடுவது நடக்காத காரியம். மருந்தெதிர்ப்புள்ள ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை, மருந்துக்குச் சாகும் ஷிகெல்லாவோடு கலந்து வைத்தபோது நான்கு திறனும் மொத்தமாக ஷிகெல்லாவுக்கும் போய்ச் சேர்ந்ததை 1959இல் அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டார்கள். இனம் வேறு, ஆனாலும் கிடைத்தது. ‘வழிவழி’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்கவே முடியாது.

பக்கவழிக் கடத்துகையின் மூன்று உட்பிரிவுகளில் இரண்டு எளிது. நேரடித் தொடர்பில் நடப்பது இணைவு; பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ் சுமந்து போவது ஃபேஜ்வழிக் கடத்துகை. மூன்றாவதுதான் உறுத்துகிறது. செத்துச் சிதைந்த செல்லிலிருந்து வெளியே கிடக்கும் டிஎன்ஏவை உயிருள்ள பாக்டீரியா உள்ளே இழுத்துக்கொள்ளும். நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியா பெனிசிலினுக்கு அடங்காமல் போனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே கடத்துகிற கை எதுவும் இல்லை, எடுத்துக்கொள்கிற கை மட்டும்தான். ஆங்கிலத்தில் இது transformation; அதற்கு நேரான ‘உருமாற்றம்’ பூச்சிகளுக்குப் போய்விட்டது. ‘டிஎன்ஏ உள்ளேற்பு’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் இதையும் ‘கடத்துகை’ என்ற தலைப்பின் கீழ் வைப்பதா, பொதுச்சொல்லையே ‘பக்கவழிப் பேறு’ என்று மாற்றிவிடுவதா? நான் முதலாவதின் பக்கம். இரண்டாவதற்கு வலுவான காரணம் இருந்தால் சொல்லுங்கள்.