சவாரி சூட்கேஸ்: பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் நகரவில்லை, அடுத்த வாரம் ஒசாகா பயணம் (தீர்ந்தது)

மடிப்பாக்கத்தான்:
வணக்கம். மேலே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போகிற மின்சார சூட்கேஸ் ஒன்று வாங்கி மூன்று மாதம் ஆகிறது. எனக்கில்லை, அம்மாவுக்கு. 66 வயது, முழங்கால் தேய்மானம். ஏர்போர்ட்டில் கேட் வரை நடப்பதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிடுவார்.

போன வாரம் டெல்லியிலிருந்து திரும்பும்போது பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பெட்டியை மட்டும் செக்-இன்னில் போட்டார்கள். சென்னையில் இறங்கி மாட்டினேன். 'டக்'கென்று சரியாகத்தான் உட்கார்கிறது. ஆனால் டிஸ்ப்ளே இருட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சக்கரம் அசையவில்லை. பேட்டரியிலேயே இருக்கும் யுஎஸ்பி துளையில் போன் மட்டும் ஜோராக சார்ஜ் ஏறுகிறது. விற்றவர்களுக்கு மெயில் போட்டேன். 'பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்' என்று பதில் வந்தது. அதனால்தானே ஐயா வந்தது வினை!

லேபிளில் 36 வோல்ட், 2 ஆம்பியர்-அவர். இன்னும் ஒன்பது நாளில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஒசாகா போகிறோம். யாராவது வழி சொல்லுங்கள்.

பியூஸ் போனவன்:
பேட்டரிக்குள் ஒரு காவல் சர்க்யூட் இருக்கும். ஏதாவது ஷார்ட் ஆனதாக அது நினைத்தால் வெளியே கரண்ட் விடாது. சார்ஜரில் ஐந்து நிமிடம் போட்டால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். அப்புறம், ஹேண்டிலை முழுசாக வெளியே இழுத்தால்தான் மோட்டார் ஓடும் மாடல்களும் உண்டு. இரண்டையும் பாருங்கள்.

மடிப்பாக்கத்தான்:
சார்ஜர் போட்டதுமே பச்சை விளக்கு. ஹேண்டிலையும் இழுத்துப் பார்த்தாயிற்று. மாற்றமில்லை.

பியூஸ் போனவன்:
வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருக்கிறதா? பேட்டரியின் அடியில் இருக்கும் பித்தளைத் தகடுகளில் ப்ளஸ், மைனஸ் பார்த்து வையுங்கள். இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழு சார்ஜில் 41, 42 வோல்ட் காட்ட வேண்டும்.

ஒசாகாவாசி:
ரிப்பேர் ஒருபக்கம் இருக்கட்டும் தம்பி. ஜப்பானில் இதைத் தெருவில் ஓட்ட முடியாது என்று தெரியுமா? இங்கே சட்டப்படி இது மோட்டார் வண்டி. லைசென்ஸ், நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடி எல்லாம் வேண்டும். 2024-ல் ஒசாகாவில் நடைபாதையில் ஓட்டிப்போன ஒரு பெண்மீது லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டியதாகப் போலீஸ் நடவடிக்கையே எடுத்தது. நீங்கள் இறங்கப்போகும் கன்சாய் ஏர்போர்ட்டிலும் உள்ளே ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். கையால் இழுத்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான்.

லக்கேஜ் லதா:
36 × 2 = 72 வாட்-அவர் (பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்ற அளவு). 100-க்குள் இருப்பதால் பொதுவாக பேட்டரிக்குச் சிக்கல் இல்லை. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கழற்றிய பேட்டரி கேபினில்தான் வர வேண்டும், செக்-இன்னில் கூடாது. கழற்ற முடியாத பேட்டரி உள்ள பெட்டிகளை அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2018 ஜனவரியிலேயே மறுக்கத் தொடங்கின.

ஆனால் ஒன்று: உட்கார்ந்து ஓட்டும் பெட்டியை ஹோவர்போர்டு (மேலே நின்று ஓட்டும் மின்சாரப் பலகை) கணக்கில் சேர்த்து, பேட்டரி கழன்றாலும் ஏற்ற மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. மாடல் பெயர், வாட்-அவர் இரண்டையும் எழுதி மெயிலில் பதில் வாங்கி, பிரின்ட் எடுத்து வையுங்கள். கவுண்டரில் வாய்ப்பேச்சு எடுபடாது. இரண்டு விமானம் என்றால் இரண்டுக்கும் கேளுங்கள்.

கேட்காமலே சொல்கிறேன்: அம்மாவுக்கு வீல்சேர் உதவி பதிவு செய்துவிடுங்களேன். பெரும்பாலும் காசு கிடையாது, முன்கூட்டியே சொன்னால் போதும். செக்யூரிட்டி வரிசையிலும் கூடவே ஆள் வருவார். இந்தப் பெட்டியால் அது முடியுமா?

மடிப்பாக்கத்தான்:
லதா மேடம், நன்றி. மெயில் போட்டுவிட்டேன்.

மல்டிமீட்டர் கதை விநோதமாக இருக்கிறது. முனையை லேசாக வைத்தால் பூஜ்யம். அழுத்திக் குத்தினால் 41.3. விட்டால் மறுபடி பூஜ்யம்.

பியூஸ் போனவன்:
குத்தினால் வருகிறது என்றால் தகட்டின் மேல் ஏதோ படிந்திருக்கிறது. டெல்லியில் அதன்மேல் ஏதாவது ஒட்டினீர்களா?

மடிப்பாக்கத்தான்:
அடக் கடவுளே. ஷார்ட் ஆகாமல் இருக்க முனைகளில் டேப் ஒட்டச் சொன்னார்கள். கவுண்டரில் இருந்த செல்லோடேப்பைத்தான் ஒட்டினேன். சென்னையில் உரித்தும் விட்டேன். இப்போது டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால், ப்ளஸ் தகட்டின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு கீற்று, சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். நகத்தால் சுரண்டி எடுத்து, பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினேன். ஓடுகிறது!

பியூஸ் போனவன்:
அடுத்த தடவை எலக்ட்ரீஷியன்கள் ஒட்டும் கறுப்பு டேப் போடுங்கள். மிச்சம் இருந்தால் கண்ணுக்குத் தெரியும்.

மடிப்பாக்கத்தான்:
கடைசித் தகவல். ஒரு நிறுவனம் பேட்டரி இல்லாமல் சரி என்றது, இன்னொன்று 'ஓட்டும் பெட்டி எதுவும் கூடாது' என்று எழுதிவிட்டது. ஆக ஒசாகாவுக்குப் பெட்டி வரவில்லை, வீல்சேர் பதிவாகிவிட்டது. அம்மாதான் நேற்று சாயந்திரம் அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் நாலு ரவுண்டு அடித்துவிட்டு, "வீல்சேர்ல ஹாரன் இருக்குமாடா?" என்று கேட்டார்.