ஆன்டிபயாடிக்கில் ஸ்க்ளீரோடெர்மா குணமாகுமா? இருக்கிற மாத்திரையை விடலாமா என்று குழப்பம்

ஊசிநூல்:

வணக்கம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விரலால் தட்ட முடியாததால் போனில் பேசித்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பாதி என்னுடையது, பாதி போனுடையது.

வயது 43. மூன்று வருடத்துக்கு முன், குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தாலே விரல் வெளுத்து, நீலமாகி, அப்புறம் சிவந்து சுரீர் என்று வலிக்க ஆரம்பித்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் காலையில் எழுந்தால் விரலெல்லாம் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போனது. ருமட்டாய்டு ஃபேக்டர் பாசிட்டிவ் என்று வந்ததும் முடக்குவாதம் என்று சொல்லி மெதோட்ரெக்சேட் கொடுத்தார்கள். ஏழெட்டு மாதம் அதிலேயே ஓடிவிட்டது. முன்கையிலும் தோல் இழுத்துப் பிடிக்கிறதே என்று வேறொரு மருத்துவர் சந்தேகப்பட்டு ஆன்டிபாடி பரிசோதனை எழுதிக் கொடுத்தார், எஸ்சிஎல்-70 பாசிட்டிவ். ஸ்க்ளீரோடெர்மா, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கி, தோலும் சில உள்ளுறுப்புகளும் இறுகிப்போகிற நோய். அதிலும் பரவலாகத் தாக்குகிற டிஃப்யூஸ் வகை, கூடவே மூட்டு அழற்சியும். சிடி ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதியில் கொஞ்சம் தழும்பு தெரிகிறது. எட்டு மாதமாக மைக்கோபினோலேட் என்ற, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை, நாளுக்கு 2 கிராம்.

எட்டு மாதமாகியும் தோல் இளகவே இல்லை. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் இரண்டு கையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. தையல்தான் எனக்குத் தொழில், இப்போது ஊசியைப் பிடித்தால் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். போனில் கைரேகை வைத்தால் அது என் விரல் இல்லை என்கிறது.

இந்த நேரம் பார்த்து சித்தப்பா ஒரு கட்டுரை அனுப்பினார். இந்த நோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் மறைந்திருக்கும் கிருமிதான் காரணம், மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைக் குறைந்த அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் தோல் பழையபடி ஆகிவிடும், பெரிய மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறது. "உன் மாத்திரை எதிர்ப்பு சக்தியையே அடக்குகிறது, அதை விட்டுத் தொலை" என்று தினமும் போன். உண்மையில் ஆராய்ச்சி என்ன சொல்கிறது? யாராவது எடுத்துப் பார்த்தீர்களா? அப்படியே இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

---

வெயில்தேடி:

முதலில் ஒன்று. மைக்கோபினோலேட்டை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அது உங்கள் நுரையீரலுக்காகக் கொடுத்தது, தோல் இளகியதா என்று பார்த்து அதை எடை போடாதீர்கள். நான் 11 வருடமாக லிமிடெட் வகையோடு (தோல் இறுக்கம் பெரும்பாலும் கை, கால், முகத்தோடு நிற்பது) இருக்கிறேன், எனக்கு வாதம் பெரிதாக இல்லை, அதனால் மீதியைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

பாதிப்பங்கு:

என் மனைவிக்கு இதே டிஃப்யூஸ் வகை, ஆறாவது வருடம். மினோசைக்ளின் கட்டுரை எங்கள் வீட்டுக்கும் வந்தது, நாங்களும் இரண்டு வாரம் தூங்காமல் படித்தோம். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சித்தப்பா சொல்வது முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். முடக்குவாதத்துக்கு மினோசைக்ளினை 1995-ல் முறையாகச் சோதித்தார்கள், 219 பேர், பாதிப் பேருக்குப் போலி மாத்திரை, 48 வாரம். மூட்டு வீக்கத்தில் ஓரளவு பலன் கிடைத்தது. ஆனால் அந்த மருந்துக்கு அழற்சியைக் குறைக்கிற குணம் தனியாகவே உண்டு, பலன் கிடைத்ததால் கிருமி இருந்தது என்று ஆகிவிடாது. அதைவிட நல்ல மருந்துகள் வந்ததால் பிறகு யாரும் அதைப் பெரிதாகத் தொடரவில்லை. ஸ்க்ளீரோடெர்மாவுக்கு என்று லான்செட் என்ற மருத்துவ இதழில் 1998-ல் வந்தது வெறும் 11 பேரை வைத்துப் பார்த்தது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவே கிடையாது. சிலருக்குத் தோல் நன்றாக இளகியது. சித்தப்பாவின் கட்டுரை சொல்லும் "பெரிய இதழ்" அதுவாகத்தான் இருக்கும். அப்புறம் பல மருத்துவமனைகள் சேர்ந்து இன்னும் அதிகம் பேருக்குக் கொடுத்துப் பார்த்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள்: பலன் இல்லை. இந்தப் பாதிக்கதை மட்டும் எந்த ஃபார்வர்டிலும் வராது.

அப்படியென்றால் முதலில் சிலருக்கு எப்படி இளகியது? டிஃப்யூஸ் வகையில் தோல் இறுக்கம் முதல் சில வருடம் ஏறி, ஒரு உச்சம் தொட்டு, அப்புறம் பலருக்குத் தானாகவே மெல்ல இளக ஆரம்பிக்கும். உச்சத்தில் இருக்கிறவருக்கு அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும், வேப்பிலையைக் கொடுத்தாலும், அதற்குத்தான் பெயர் போகும். இதற்கு நல்ல உதாரணம் பெனிசில்லமைன் என்ற மருந்து. 1980-களில் பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்து, இது எடுத்தவர்களுக்குத் தோல் இளகியிருக்கிறது என்று எழுதினார்கள், வருடக்கணக்கில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். 1999-ல் வந்த ஆய்வில் 134 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினமும் 750 முதல் 1000 மில்லிகிராம் வரை, இன்னொரு பாதிக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் வெறும் 125 என்று இரண்டு வருடம் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தோல் இளகியது! பக்க விளைவுதான் அதிக அளவு எடுத்தவர்களுக்கு அதிகம். அதைப் படித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம், யார் என்ன அனுப்பினாலும் முதல் கேள்வி "யாரோடு ஒப்பிட்டார்கள்?" என்பதுதான்.

உங்கள் மருத்துவர் தோலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பாரே, அது சும்மா இல்லை. உடம்பில் 17 இடம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 51. அடுத்த முறை உங்கள் எண் என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானோடு நீங்கள் மல்லுக்கட்டுவது உண்மை, ஆனால் எட்டு மாதத்தில் எண் ஏறாமல் நின்றிருந்தாலே அது ஒரு சேதி.

நுரையீரல் விஷயத்தில் ஆராய்ச்சி எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. முன்பு சைக்ளோபாஸ்பமைட் என்ற மருந்து மட்டும்தான், 2006-ல் வந்த ஆய்வில் பலன் இருந்தது, கொஞ்சம்தான். 2016-ல் அதையும் மைக்கோபினோலேட்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள், 142 பேர். நுரையீரலில் இரண்டும் ஏறக்குறைய சமம், மைக்கோபினோலேட்டை உடம்பு தாங்கிக்கொண்டது அதிகம். நீங்கள் இன்று எடுப்பது அந்த ஆய்வின் பிள்ளை என்று வையுங்கள், அதிலேயே நாளுக்கு 3 கிராம் வரை போனார்கள், உங்களுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். 2019-ல் நிண்டெடானிப் என்ற மருந்தின் ஆய்வு. 576 பேர், ஒரு வருடத்தில் மூச்சுக் கொள்ளளவு போலி மாத்திரைக் குழுவில் சுமார் 93 மில்லி குறைந்தது, மருந்துக் குழுவில் சுமார் 52 மில்லி. இறக்கம் நிற்கவில்லை, வேகம் குறைந்தது. தோலுக்கு அதில் ஒன்றும் இல்லை, வயிற்றுப்போக்கு நாலில் மூன்று பேருக்கு வந்தது (என் மனைவி அதில் ஒருத்தி, அந்தக் கதை வேண்டாம்). டோசிலிசுமாப் என்ற மருந்தின் ஆய்வு இன்னும் வேடிக்கை. தோல் இளகுகிறதா என்று பார்க்க நடத்தினார்கள், அதில் தேறவில்லை, ஆனால் கூடவே அளந்த நுரையீரல் கொள்ளளவு நன்றாக நின்றது, அதை வைத்தே அமெரிக்காவில் 2021-ல் நுரையீரலுக்கு என்று அனுமதி கிடைத்தது.

ஸ்டெம் செல் மாற்று பற்றியும் யாராவது அனுப்புவார்கள். அது வேலை செய்கிறது, ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளே உண்டு, ஆனால் 2014-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் முதல் வருடத்திலேயே பத்தில் ஒருவர் சிகிச்சையாலேயே இறந்தார்கள். வேகமாக மோசமாகிறவர்களுக்கு, அனுபவமுள்ள இடத்தில் மட்டும். சிஏஆர்-டி செல் சிகிச்சை (நோயாளியின் சொந்த எதிர்ப்பு அணுக்களை மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றுவது) என்று 2024-ல் ஜெர்மனியின் எர்லாங்கனிலிருந்து வந்ததில் 15 பேர், அதில் ஸ்க்ளீரோடெர்மா நான்கே பேர். எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் 11 பேரை வைத்து மினோசைக்ளின் கதை சொன்னபோது கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும் இல்லையா.

மினோசைக்ளினை மாதக்கணக்கில் எடுத்தால் தோல் நீலக்கறுப்பாகிறவர்கள் உண்டு, எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குகிற லூபஸ் நோய் மாதிரி ஒன்றைக் கிளப்பிவிடுவதும் உண்டு. சித்தப்பாவிடம் அதையும் சொல்லுங்கள்.

---

ஊசிநூல்:

இரண்டு முறை படித்தேன், மூன்றாவது முறை சித்தப்பாவுக்கே வாசித்துக் காட்டினேன். "11 பேர்தானா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார், நாளைக்கு வேறு ஏதாவது அனுப்புவார்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். போன மாதம் மணிக்கட்டு வலி தாங்காமல் பக்கத்தில் இருக்கிற பொது மருத்துவரிடம் போனேன், பிரெட்னிசோலோன் 20 மில்லிகிராம் கொடுத்தார். மூன்றே நாளில் கை பறந்தது, பொத்தான்கூடப் போட்டேன். இவ்வளவு நன்றாக இருக்கிற மருந்தை ஏன் முதலிலேயே எனக்குக் கொடுக்கவில்லை?

---

இரவுப்பணி:

அக்கா, இதைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு எழுதுகிறேன். நான் நர்ஸ். அந்த 20 மில்லிகிராம் பற்றி உங்கள் வாத நோய் மருத்துவருக்குத் தெரியுமா? தெரியாது என்றால் இன்றே போன் செய்யுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு, ஒரு மாதம் எடுத்ததைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

முடக்குவாதத்தில் சர்வசாதாரணமாகக் கொடுக்கிற மருந்துதான். ஆனால் டிஃப்யூஸ் ஸ்க்ளீரோடெர்மாவில், அதுவும் முதல் நாலைந்து வருடத்தில், நாளுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போனால் சிறுநீரக நெருக்கடி என்று ஒன்று வரும் வாய்ப்பு கூடுகிறது. ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும், தலைவலி, கண் மங்கல், மூச்சு வாங்குதல், சில நாளிலேயே சிறுநீரகம் படுத்துவிடும். ஒரு காலத்தில் இந்த நோயில் அதிகம் பேரைக் கொண்டுபோனது இதுதான். 1970-களின் கடைசியில் கேப்டோபிரில் மாதிரி ரத்த அழுத்தத்தை இறக்குகிற ஏசிஇ தடுப்பு மருந்துகள் வந்த பிறகுதான் பிழைக்க ஆரம்பித்தார்கள். ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால்தான். வரும்முன்னே அந்த மருந்தைத் தடுப்புக்காகப் போட்டுக்கொள்வதும் சரியில்லை, அதனால் பலன் இல்லை என்றே பார்த்திருக்கிறார்கள்.

வீட்டில் பிபி கருவி ஒன்று வாங்கி வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள், இப்போதைக்குத் தினமும். 140 தாண்ட வேண்டும் என்றில்லை. எப்போதும் 110 இருக்கிறவருக்கு 135 என்று வந்து அப்படியே நின்றாலும் அன்றே சொல்ல வேண்டும். ஒரு பெண்மணி எங்கள் வார்டுக்கு "வெறும் தலைவலி" என்று நாலு நாள் பொறுத்துவிட்டு வந்தார், டயாலிசிஸில்தான் முடிந்தது.

வலிக்கு என்று டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், வயிறும் சிறுநீரகமும் ஏற்கெனவே உங்களுக்குப் பலவீனமான பக்கம். மெதோட்ரெக்சேட் இப்போதும் இருந்தால் வாரம் ஒருமுறைதான், தினமும் போட்டுவிட்டு வருகிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

---

வெயில்தேடி:

கை விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு அனுபவம். விரல் வெளுக்கிறது என்று கையுறை மட்டும் போட்டால் போதாது, நடு உடம்பு குளிர்ந்தால் விரலுக்கு ரத்தம் போகாது, அதனால் முதலில் மார்பையும் வயிற்றையும் சூடாக வையுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் ரத்தக் குழாயை விரிக்கிற நிஃபெடிபின் வகை மாத்திரை கேளுங்கள். புகை பிடிக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களை வெளியே அனுப்புங்கள், மருந்தைவிட அது முக்கியம்.

விரலை நீட்டி மடக்கும் பயிற்சி தினமும். மெழுகுக் குளியலும் செய்கிறேன், உருக்கிய பாரஃபினில் கையைத் தோய்த்து எடுத்து, மூடி வைத்து, சூடு ஆறுவதற்குள் பயிற்சி. பாதிப்பங்கு கேட்பாரே என்று முன்கூட்டியே சொல்கிறேன்: ஸ்வீடனில் 2004-ல் 17 பேரிடம் பார்த்தார்கள், ஒரு கைக்கு மெழுகும் பயிற்சியும், மறு கைக்குப் பயிற்சி மட்டும். மெழுகுக் கை கூடுதலாகத் தேறியது. சின்ன ஆய்வுதான், ஆனால் ஒப்பிட்டது அதே ஆளின் மறு கையோடு! விரல் நுனியில் புண் இருந்தால் மட்டும் மெழுகு கூடாது.

வாயை மறக்காதீர்கள். கையைப் பார்த்துக்கொண்டே இருந்து, எனக்கு வாய் சுருங்கியதை பல் மருத்துவர் சொல்லித்தான் கவனித்தேன், அவருடைய கருவி உள்ளே போகவில்லை. தினமும் வாயை அகலத் திறந்து, எத்தனை விரல் உள்ளே போகிறது என்று பாருங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் கட்டிலின் தலைப்பக்கக் காலுக்குக் கட்டை வையுங்கள், தலையணை அடுக்கினால் வயிறுதான் மடியும்.

---

ஊசிநூல்:

மருத்துவரிடம் பேசிவிட்டேன். ஸ்டீராய்டு பற்றிச் சொன்னதும் சில நொடி பேச்சே இல்லை, அப்புறம் திட்டினார். 15-க்கு இறக்கி, வாரா வாரம் குறைக்கச் சொல்லியிருக்கிறார். மூட்டுக்கு வேறு என்ன கொடுக்கலாம் என்று அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். தோல் எண்ணையும் கேட்டேன், ஆரம்பத்தில் 24, போன முறை 23. இதுவரை அதை யாரும் என்னிடம் சொன்னதே இல்லை. மூச்சுப் பரிசோதனையும் அன்றைக்கே.

பிபி இன்று காலை 118. வாயில் இரண்டு விரல் போகிறது, மூன்றாவது போகவில்லை. வெயில்தேடி, மெழுகு எவ்வளவு சூடு இருக்க வேண்டும்? எனக்கு விரல் நுனியில் உணர்ச்சி சரியாக இல்லை.

---

வெயில்தேடி:

50 டிகிரிக்குப் பக்கத்தில், ஆனால் விரலை விட்டுப் பார்க்காதீர்கள். வெப்பமானி வையுங்கள். முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள், வீட்டில் அடுப்பில் உருக்க வேண்டாம், அதற்கென்று சூடு தானாக நிற்கிற பாத்திரம் கிடைக்கிறது.