வீட்டில் இன்சுலின், சுகர் மாத்திரை: அளவு எங்கே தவறுகிறது?

மருந்தாளுநர்:
"சுகர் ஊசி பத்து கொடுங்க" என்று வருபவரிடம் எந்த இன்சுலின் என்று கேட்காமல் கொடுத்தால் தவறு கடையிலேயே ஆரம்பித்துவிடும். நம்மூரில் 10 மில்லி குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. இன்சுலின் பேனாவுக்குள் பொருத்தும் 3 மில்லி காட்ரிட்ஜில் (மருந்துக் குழாயில்) மில்லிக்கு 100 யூனிட். மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சுக்கு மூடி ஆரஞ்சு.

மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியில் இருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். சுகர் இறங்கவில்லையே என்று டாக்டர் அளவை ஏற்றுவார். அடுத்த மாதம் சரியான சிரிஞ்சு கைக்கு வரும், அன்றைக்கே லோ சுகர்.

மறுபக்கம் இன்னும் மோசம். பேனா பழுதென்று காட்ரிட்ஜில் இருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 இழுத்தால் அரை மில்லி, 50 யூனிட்! மூடி கழன்றால் நிறம் போச்சு. சிரிஞ்சின் உடம்பில் அச்சிட்ட எண்ணும் குப்பி லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

நீரிழிவுப் பிரிவு செவிலியர்:
மேலே சொன்னதோடு ஒன்று. 30/70 கலவை இன்சுலின் பால்போல் கலங்கலாக இருக்க வேண்டும். உள்ளங்கையில் 10 முறை உருட்டி, 10 முறை மேலும் கீழும் கவிழ்த்த பிறகே போடுங்கள்; இல்லையென்றால் அளவு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். குலுக்கினால் நுரைதான் வரும். பேனாவில் ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே தள்ளிப் பார்த்துவிட்டு அளவு வையுங்கள். போட்டபின் 10 எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். ஃப்ரீசரில் உறைந்த குப்பி குப்பைக்குத்தான்.

மருத்துவர்:
மருந்துச் சீட்டில் வோக்லிபோஸ் என்ற சுகர் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்ற மற்ற சுகர் மருந்துகளோடு சேர்த்து மூன்றும் ஒரே மாத்திரையாகவும் வருகிறது. இதைச் சாப்பிடுபவருக்குச் சுகர் 70-க்குக் கீழே போனால் சர்க்கரைத் தண்ணீரும் மிட்டாயும் சட்டென்று கைகொடுக்காது. சர்க்கரையைக் குடலில் உடைக்கும் நொதியைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. குளுக்கோஸ் பவுடர் 15 கிராம், சுமார் 3 டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

மருந்தாளுநர்:
டிஸ்சார்ஜ் சீட்டு மாத்திரையையும் வீட்டில் மிச்சமிருந்த பழைய அட்டையையும் சேர்த்துச் சாப்பிடுவது சகஜம். பிராண்ட் பெயர் வேறு, உள்ளே அதே கிளிமிபிரைடு. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிட்டுவிட்டு, பழையதை டப்பாவில் இருந்து எடுத்துவிடுங்கள்.